‘பரம்பரையில உண்டா?’ : மரபணு, தோட்டம், மௌனம்

மருத்துவமனைப் படிவத்தில் பெயர், வயது, விலாசம், தொழில் எல்லாம் எழுதி முடித்தபிறகு ஒரு கட்டம் வரும். அச்சில் அதற்குக் ‘குடும்ப வரலாறு’ என்று பெயர். டாக்டர் வாயில் அது ‘பரம்பரையில உண்டா?’ என்றாகிவிடும். வரலாறு எந்த இடத்தில் பரம்பரையாக மாறுகிறது, அந்த மாற்றம் யாருக்கு வசதியாக இருக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

நண்பர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகள் இயக்கத்தில் இருந்தவர், வயது ஐம்பத்திரண்டு, சமீபத்தில் இந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். பெரியப்பாவுக்கும் அதுதான். டாக்டர் கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: “பரம்பரையை ஒழிக்கணும்னுதாங்க நாங்க கட்சியே கட்டினோம்.” டாக்டர் சிரித்துவிட்டாராம். நண்பரும் சிரித்துக்கொண்டேதான் இதை எங்களிடம் சொன்னார். நாங்களும் சிரித்தோம். கட்டம் காலியாகவே இருந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டிருந்தது. அது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை. நம் வட்டாரத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு நிலைப்பாட்டின் சுருக்கம் அது. மரபணு என்று யாராவது ஆரம்பித்தாலே நமக்கு யூஜெனிக்ஸ் ஞாபகத்துக்கு வரும், நாஜிகள் ஞாபகத்துக்கு வருவார்கள், ‘ரத்தத்துலயே ஊறினது’ என்று சாதி பேசும் வாய்கள் ஞாபகத்துக்கு வரும். வர வேண்டியதுதான். லெவான்டின், ரோஸ், கேமின் மூவரும் 1984-ல் எழுதிய ‘நாட் இன் அவர் ஜீன்ஸ்’ நூலின் தலைப்பையே முழக்கமாக எடுத்துக்கொண்டவர்கள் நாம். புத்தகத்தைப் படித்தவர்களைவிடத் தலைப்பைப் படித்தவர்கள் அதிகம் என்பது வேறு விஷயம். உயிரியலே பொய் என்று அந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை. உயிரியலை வைத்து யார் எதை நியாயப்படுத்துகிறார்கள் என்று கேட்கச் சொன்னது, அவ்வளவுதான். நாமோ கேள்வியை விட்டுவிட்டுக் கட்டத்தைக் காலியாக விடக் கற்றுக்கொண்டோம்.

*

கட்டத்தைக் காலியாக விட்ட இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விமர்சகர், நம்ம தொழில்.

அனடோல் பிராயார்ட் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் நீண்டகாலம் புத்தக மதிப்புரை எழுதியவர். 1989-ல் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் பரவிவிட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1990 அக்டோபரில் இறந்தார். இடைப்பட்ட சுமார் பதினான்கு மாதங்களில் நோயைப் பற்றி அவர் எழுதியவை 1992-ல் ‘இன்டாக்சிகேட்டட் பை மை இல்னஸ்’ என்ற தொகுப்பாக வந்தன. நோய் இலக்கியத்தில் அதற்குச் சமமாகச் சொல்லச் சில புத்தகங்களே உண்டு. சூசன் சோண்டாக் 1978-ல், நோயின்மேல் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும் உருவகங்களையெல்லாம் கழற்றி எறியச் சொன்னார். பிராயார்டுக்கு இதில் உடன்பாடில்லை. உருவகம் இல்லாமல் நோயாளியால் ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது, பொய்யான உருவகங்களைப் பார்த்து உருவகத்தையே சோண்டாக் தண்டித்துவிட்டார் என்பது அவர் வாதம். மருத்துவர் தன் புராஸ்டேட்டை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, ஒரு நல்ல வாசகர் பிரதியை வாசிப்பதுபோலத் தன்னை முழுசாக வாசிக்க வேண்டும் என்று கேட்கிறார். முதலில் பார்த்த டாக்டர் அறுவைசிகிச்சைத் தொப்பியை அணிந்திருந்த விதம் பிடிக்காமல் போனதை ஒரு விமர்சகனுக்கே உரிய குரூரத்தோடு எழுதுகிறார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு நடை இருந்தது.

அப்படித் தன்னை முழுசாக வாசிக்கச் சொன்னவர் ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டிருந்தார். பிராயார்ட் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். நிறம் வெளுப்பு. இளைஞனாக கிரீனிச் வில்லேஜ் எழுத்தாளர் கூட்டத்தில் நுழைந்த காலம்தொட்டு வெள்ளையராகவே வாழ்ந்தார். அவர் சாகக் கிடந்தபோதுதான், அதுவும் தாய் சொல்லித்தான், பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தது. ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 1996-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் இதை விரிவாக எழுதினார். மகள் பிளிஸ் பிராயார்ட் 2007-ல் ‘ஒன் டிராப்’ என்று தனிப் புத்தகமே எழுதினார்.

இங்கே ஒரு வாசிப்பு அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கறுப்பின ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம், இவரோ கறுப்பை மறைத்தார், மறைத்தது உடம்பு வழியாக வெளியே வந்துவிட்டது. நாவலாசிரியர்களுக்கு நாக்கில் நீர் ஊறும் முடிவு. ஆனால் ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் இருந்தாலே ஆள் கறுப்பன் என்று சட்டம் போட்டவர்களின் வாசிப்பும் இதேதான். அமெரிக்காவில் எட்டு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அறுபத்தொன்பது வயதில் ஒருவருக்கு இது வந்ததற்கு ரத்தத்தின் பழிவாங்கல் என்று காரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆனாலும் இதை அத்தோடு விட்டுவிட முடியவில்லை. பிராயார்ட் 1954-ல் எழுதிப் பேர் வாங்கிய ‘வாட் தி சிஸ்டோஸ்கோப் செட்’ கதை, தந்தை புற்றுநோயில் சாவதைப் பற்றியது. குடும்ப வரலாற்றுக் கட்டத்தை அவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே கதையாக நிரப்பி வைத்திருந்தார். மருத்துவத்துக்குத் தேவையான குடும்ப வரலாறும் இனவாதத்துக்குத் தேவையான குடும்ப வரலாறும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றைக் காட்டினால் மற்றதையும் காட்ட வேண்டிவரும். மனிதர் காகிதத்தையே ஒளித்துவிட்டார். இது தனிமனிதக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலபாமாவில் டஸ்கிகியில் 1932 தொடங்கி 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து கொடுக்காமல், பென்சிலின் வந்தபிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தேசம் அது.

*

சரி, விஞ்ஞானம் என்னதான் சொல்கிறது? நம் பத்திரிகைகளில் இந்தப் பகுதியைத்தான் ஒரு பத்தியில் தாண்டிப் போய்விடுவோம். இந்த முறை கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரட்டையர் ஆய்வுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் 44,788 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2000-ல் வெளியான ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோயில் மரபுவழிப் பங்கு 42 சதவீதம் என்றது. நார்வேயையும் சேர்த்துக்கொண்டு 2016-ல் வந்த அடுத்த ஆய்வு 57 சதவீதம் என்றது. பரவலாக வரும் புற்றுநோய்களில் இவ்வளவு பெரிய பங்கு அபூர்வம். பத்திரிகைக்காரர்கள் இதை ‘பாதிக்கு மேல் பரம்பரை’ என்று எழுதிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் அதுவல்ல. நூறு நோயாளிகளில் ஐம்பத்தேழு பேருக்கு மரபணுவால் வந்தது என்று அது சொல்லவே இல்லை. குறிப்பிட்ட ஒரு மக்கள்கூட்டத்தில், அவர்களுடைய குறிப்பிட்ட சூழலில், ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் மரபுக்குள்ள பங்கு அது. லெவான்டின் விதையை வைத்து இதை விளக்குவார். ஒரே வயலில் ஒரே உரம் போட்டு ஒரே தண்ணீர் பாய்ச்சினால், பயிருக்குப் பயிர் உயரம் மாறுவதற்கு விதை மட்டுமே காரணமாகத் தெரியும். வேறு வயலுக்குப் போனால் கணக்கு மாறிவிடும். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பள்ளிக்கூடம், ஒரே மருத்துவமனை என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கும் வடதேசங்களின் எண்ணை, மண்ணுக்கு மண் விஷத்தின் அளவு மாறும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அடுத்தது ‘திரிபு’. மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறும் எழுத்தைத் தமிழில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம்ம மாதிரி ஆட்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் ‘திரிபுவாதம்’தான் ஞாபகத்துக்கு வரும், சரியான பாதையிலிருந்து விலகிய குற்றம். வீட்டில் பால் திரிஞ்சுபோச்சு என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். புணர்ச்சி இலக்கணத்தில் மட்டும்தான் திரிதல் வேறு, கெடுதல் வேறு. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிறது, சொல் செத்துப்போவதில்லை. புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புடையதாக 2023 வரை கணக்கெடுக்கப்பட்ட 451 திரிபுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இலக்கணக்காரர்களின் திரிபுகள். அவற்றில் ஏதோ ஒரு சேர்க்கை நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் நோய்வாய்ப்பைத் துளி ஏற்றும் அல்லது துளி இறக்கும். தனியாக ஒன்றை வைத்து யாருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டால் மட்டும் சிலர் மேலே நிற்கிறார்கள். 2025-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 55 முதல் 69 வயதுவரையுள்ள ஆண்களுக்கு 130 திரிபுகளை வைத்து மதிப்பெண் போட்டார்கள். உச்சியில் இருந்த பத்திலொரு பங்கினரை அழைத்து, ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்துகொண்ட 468 பேரில் 187 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இதை அலட்சியப்படுத்த முடியாது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் அலட்சியப்படுத்த முடியாது.

இன்னொரு வகைத் திரிபு உண்டு. அரிதானது, கனமானது. 2012-ல் கண்டறியப்பட்ட ஹாக்ஸ்பி-13 மரபணுவின் திரிபு ஒன்று. பிராக்கா-2 இன்னொன்று. இங்கே ஒரே ஒரு பிழை போதும், வாய்ப்பு பல மடங்கு ஏறும், நோய் இளவயதில் வரும், வேகமாகவும் பரவும். பிராக்கா-2-க்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

இவற்றையெல்லாம்விட ஒரு விமர்சகனை நிறுத்திவைக்கும் இடம் எட்டாவது குரோமோசோமில் 8க்யூ24 என்று முகவரியிடப்பட்ட பகுதி. 2006-ல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதற்கு வந்து சேர்ந்தன. அங்கே புரதம் செய்யும் மரபணு அநேகமாக ஒன்றும் இல்லை. ஆகவே விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘மரபணுப் பாலைவனம்’. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுதான் பாலை என்று நம் இலக்கணம் சொல்லும். இந்தப் பாலையும் அப்படித்தான். மரபணுவை மட்டும் தேடி வந்தவன் கண்ணுக்குத்தான் அது வெற்றிடம். பக்கத்தில் இருக்கும் ‘மிக்’ என்கிற புற்றுநோய் மரபணுவை எவ்வளவு சத்தமாக வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கும் குறிப்புகள் அங்கே கிடக்கின்றன.

அமெரிக்கக் குழு அதைக் கண்டுபிடித்த வழி இன்னும் முக்கியமானது. புற்றுநோய் வந்த 1,597 ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களின் குரோமோசோம்களில் எந்தத் துண்டு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, எந்தத் துண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் 8க்யூ24-ல் மட்டும் ஆப்பிரிக்கத் துண்டு எதிர்பார்ப்புக்கு மேல் இருந்தது. இந்த முறைக்கு ‘கலப்பு வரைபடம்’ என்று பெயர். துண்டுகள் இன்னும் நீளமாக, பிரித்தறியக்கூடியதாக இருப்பதால்தான் இது சாத்தியம், ஏனென்றால் கலப்பு நடந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. அது எப்படி நடந்தது? அடிமைப் பெண்கள்மீது தோட்ட முதலாளிகளும் கங்காணிகளும் செலுத்திய வன்முறையில் நடந்தது. ‘கலப்பு’ என்கிற அந்தச் சாதுவான கலைச்சொல்லுக்குள் ஒரு தோட்டம் முழுக்க இருக்கிறது. அந்த ஆய்வின் முடிவு உண்மை. அது கிடைப்பதற்கான கச்சாப்பொருளைத் தயாரித்தது அடிமைமுறை என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது பிராயார்ட் செய்த காரியம்.

*

2021-ல் ஒரு பெரிய ஆய்வு 269 திரிபுகளைக் கூட்டி மதிப்பெண் போட்டு, ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களின் சராசரி மரபணு மதிப்பெண், ஐரோப்பியர்களுடையதைப்போல 2.18 மடங்கு என்றது. இந்த எண்ணை எடுத்து என்ன செய்யலாம்? அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் வெள்ளையர்களைப்போல ஏறக்குறைய 1.7 மடங்கு வருகிறது. அதனால் சாவது இரண்டு மடங்கு. 2.18-ஐ எடுத்து இரண்டின் பக்கத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். வழக்கு முடிந்தது, ரத்தம்தான் குற்றவாளி.

அப்படிப் பொருத்தக் கூடாது. நோய் வருவது வேறு, வந்தபின் சாவது வேறு. 2019-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை மூன்று இடங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள்: நாட்டின் பொதுப் பதிவேடு, முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள், ஒரே மாதிரி சிகிச்சை தரப்பட்ட ஆய்வுத் திட்டங்கள். படைவீரர் மருத்துவமனைகளில் பணம் கொடுத்து இன்ஷூரன்ஸ் வாங்கியவன், வாங்காதவன் என்ற பேதம் குறைவு. நோயின் நிலை ஒன்றாக இருக்கும்போது, அங்கே கறுப்பர்கள் வெள்ளையர்களைவிடக் கூடுதலாகச் சாகவில்லை. ஆய்வுத் திட்டங்களில் கறுப்பர்களின் சாவு சற்றுக் குறைவாகக்கூட இருந்தது. கொல்வதில் ஆஸ்பத்திரி வாசலுக்கும் பங்கு இருக்கிறது. மதிப்பெண்ணுக்குள் ஆஸ்பத்திரி வாசல் கிடையாது.

நம் தரப்பில் உடனே, ‘பாத்தீங்களா, எல்லாம் சமூகம்தான்’ என்று கிளம்பிவிடுவார்கள். அதுவும் சரியில்லை. சாவில் உள்ள வித்தியாசம் போனபிறகும் நோய் வருவதில் உள்ள வித்தியாசம் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தை ஒப்புக்கொள்ளப் பயப்படுகிறவன், நாற்பது வயதிலேயே பரிசோதனை தேவைப்படுகிற கறுப்பினத் தொழிலாளியிடம் ‘அறுபதில் பார்த்துக்கலாம், எல்லாரும் ஒண்ணுதான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். சமத்துவத்தின் பெயரால் ஒருவனைச் சாகவிடுவதும் நடக்கக்கூடியதே.

*

இப்போது ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த வாதங்கள் எல்லாம் ஒரே மண்ணில் முட்டிக்கொள்ளும் இடம் அது. பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கும் குவாதலூப்பும். ஃபனானும் சிசேரும் பிறந்த மார்த்தினிக் என்றால் நம் வாசகர்களுக்குத் தெரியும். வாழைத் தோட்டங்களின் மார்த்தினிக்கை நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

வாழையின் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராக 1972 முதல் 1993 வரை அங்கே குளோர்டிகோன் என்ற பூச்சிமருந்து போடப்பட்டது. அமெரிக்காவில் கெபோன் என்ற பெயரில் இதைத் தயாரித்த வர்ஜீனியா மாநில ஹோப்வெல் ஆலை, தொழிலாளர்களுக்கு நரம்பு நடுக்கம் கண்டு 1975-ல் மூடப்பட்டது. அது தெரிந்தே பிரான்ஸ் 1981-ல் மறுபடி அனுமதி கொடுத்தது. 1990-ல் பிரான்சில் தடை வந்தபோதும் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் 1993 வரை சலுகை. இவ்வளவுக்கும் 1974-லேயே மார்த்தினிக்கின் வாழைத் தொழிலாளர்கள், இந்த மருந்தை நிறுத்து என்பதையும் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். பாஸ்-புவாந்த் பகுதியில், ஷல்வே தோட்டத்தில், பிப்ரவரி 14 அன்று போலீஸ்படை சுட்டதில் ரெனோர் இல்மானி என்ற தொழிலாளி செத்தார். பாஸ்-புவாந்த் சிசேர் பிறந்த ஊர். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் சந்ததிகள் நிறைய வாழும் ஊரும்கூட. 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபிறகு, 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல்கள் போக ஆரம்பித்தன. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த காப்பஸ்தேர்-பெல்-ஓ ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு இருபது ஆண்டுகள் வழக்காடி 1923-ல் வென்றார். குடியுரிமை கிடைத்தது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, எந்த வம்சாவளி என்று பார்க்காமல், மருந்தும் கிடைத்தது.

இந்த மருந்து மண்ணை விட்டுப் போகாது, போகப் பல நூற்றாண்டுகள்கூட ஆகலாம் என்கிறார்கள். கிழங்குக்குள் ஏறுகிறது, ஆற்று மீனுக்குள் போகிறது. இரண்டு தீவுகளிலும் பெரியவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானவர்கள் ரத்தத்தில் இது இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் இந்தத் தீவுகளும் சேர்த்தி. மருந்துதான் காரணமா என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இந்த நோய் எங்குமே அதிகம்தான். கவனிக்க வேண்டும், இந்தப் பதில் பொய் அல்ல. 8க்யூ24 உண்மை, 2.18 உண்மை. உண்மையாக இருப்பதால்தான் இதைக் கேடயமாகப் பிடிக்க முடிகிறது.

2010-ல் குவாதலூப்பிலிருந்து வந்த ஆய்வு இந்தக் கேடயத்தில் ஓட்டை போட்டது. நோய் வந்த 623 பேரையும் வராத 671 பேரையும் எடுத்து ரத்தத்தில் குளோர்டிகோன் அளவைப் பார்த்தார்கள். ஒப்பிட்டது அந்தத் தீவு ஆண்களையே அந்தத் தீவு ஆண்களோடு. அங்கே ‘ஆப்பிரிக்க வம்சாவளி’ என்ற பதிலுக்கு வேலையில்லை. ரத்தத்தில் மருந்து அதிகம் இருந்தவர்களிடம் நோய்வாய்ப்பும் கூடியிருந்தது. அதற்குமேல் ஒன்று: குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருந்தவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

இந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். மரபணுவா, விஷமா என்று நாம் மேடை போட்டு நடத்தும் பட்டிமன்றம் இங்கே கலைந்துபோகிறது. பரம்பரை பலமாக இருக்கும் இடத்தில் விஷம் கூடுதலாக வேலை செய்கிறது என்று இதை வாசிக்கலாம். அப்படியென்றால், ‘உங்கள் மரபணுவே அப்படித்தான்’ என்று சொன்ன அரசு, மற்றவர்களைவிட இவர்களைத்தான் அந்த மருந்திலிருந்து முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும். வேறு மாதிரியும் வாசிக்கலாம். அப்பனும் மகனும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்து, ஒரே கொல்லையில் விளைந்த கிழங்கைத் தின்றிருந்தால், ‘குடும்பத்தில் உண்டா’ என்ற கேள்விக்கு வரும் ‘ஆமாம்’ மரபணுவைப் பற்றியதா, மண்ணைப் பற்றியதா? அந்த ஒற்றைக் கட்டத்தால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வரலாற்றைப் பரம்பரை என்று மொழிபெயர்க்கும் டாக்டர் தவறவிடுவது இதைத்தான்.

பிரெஞ்சு அரசு 2021 டிசம்பரில், பூச்சிமருந்தால் வரும் புராஸ்டேட் புற்றுநோயை விவசாயத் தொழிலாளர்களின் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. நிபந்தனை: குறைந்தது பத்து வருஷம் மருந்தோடு வேலை பார்த்திருக்க வேண்டும். நாட்கூலிக்கு வாழைத்தார் சுமந்தவனிடம் பத்து வருஷச் சம்பளச் சீட்டு இருக்குமா? கிழங்கைத் தின்றதற்குச் சீட்டே கிடையாது. விஷம் பரப்பியதற்காகத் தொடுக்கப்பட்ட குற்றவழக்கைப் பாரிஸ் நீதிபதிகள் 2023 ஜனவரியில் தள்ளுபடி செய்தார்கள்.

*

நண்பரிடம் திரும்புகிறேன். மருந்துக் கம்பெனி அரசியல் என்று அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பிராக்கா மரபணுக்களுக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனி காப்புரிமை எடுத்துப் பரிசோதனையையே தன் ஏகபோகமாக வைத்திருந்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொல்ல 2013 வரை ஆனது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். மெதுவாக வளர்ந்து ஒருநாளும் ஆளைக் கொல்லப்போகாத கட்டிகளையெல்லாம் தோண்டியெடுத்து, அறுத்து, எத்தனையோ ஆண்களைச் சிறுநீர் ஒழுகும் நிலையில் விட்டிருக்கிறார்கள். புராஸ்டேட் சார்ந்த ஆன்டிஜெனை 1970-ல் அடையாளம் கண்ட ரிச்சர்ட் ஆப்ளினே 2010-ல் இந்தப் பரிசோதனை மோகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். இன்னொன்று: 2023-ன் ஆய்வில் இருந்த 1,56,319 நோயாளிகளில் 1,22,188 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க, கிழக்காசிய, ஹிஸ்பானிய வம்சாவளிகளுக்கு மிச்சம். நமக்கு அங்கே தனிக் கட்டமே இல்லை. அந்த மதிப்பெண்ணை இங்கே கொண்டுவந்து விற்பவனைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

மறுபாதி வேறு. கூட்டிப் போட்ட மதிப்பெண் இல்லாமலே, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இதைக் கேட்க ஒரு கம்பெனியும் வேண்டாம். ஆனால் கேட்டால் நம் வீடுகளில் என்ன பதில் கிடைக்கும்? புராஸ்டேட்டுக்கு வீட்டில் புழங்கும் சொல் ஒன்று நம்மிடம் இல்லை. தாத்தா எதில் செத்தார் என்றால் ‘நீரடைப்பு’ என்பார்கள். ‘கடைசியில இடுப்பு வலின்னு படுத்தவர்தான், எழுந்திரிக்கல’ என்பார்கள். இந்த நோய் எலும்புக்குப் போகும்போது முதுகும் இடுப்பும்தான் வலிக்கும். ஆணின் அந்த இடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மூன்று தலைமுறை வரலாறு நீரடைப்புக்குள் போய் அடைந்து கிடக்கிறது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பிராக்கா என்ற பெயரே மார்பகப் புற்றுநோயின் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து வந்தது. பெயர் அப்படியிருப்பதால் ஆண்கள் அது தங்கள் சமாச்சாரம் இல்லை என்றே இருந்துவிட்டார்கள். பெண்களின் மார்பிலும் சினைப்பையிலும் வேலை செய்யும் அதே பிழை ஆண்களின் புராஸ்டேட்டிலும் வேலை செய்யும். அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும், மகனுக்கும் போகும், மகளுக்கும் போகும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தப் பெயரால் ஆண்கள் விடுபட்டுப்போகிறார்கள் என்று, பிராக்கா-1-ன் இருப்பிடத்தை 1990-ல் கண்டுபிடித்த மேரி-கிளேர் கிங் பெயரைக் குடும்பவழிப் புற்றுநோய்க்கு வைக்கலாம் என 2019-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு யோசனை வந்தது. பிராக்கா-2 பிழை உள்ள ஆண்களுக்கு நாற்பது வயதிலிருந்தே பரிசோதனை என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். 2020 முதல், முற்றிய நிலையில்கூட அதே பிழையைக் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. அதன் விலை பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினேன். பெரிதாக மறுக்கவில்லை. ‘நீ மரபணுவாதி ஆயிட்ட’ என்று ஒருமுறை சொன்னார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பெண். எழுந்து போகும்போதுதான் யாரையோ ஞாபகப்படுத்திக்கொண்டவர்போல நின்று, அப்பாவுடன் பிறந்த அத்தை ஒருத்தர் இருந்தார், மார்பில் கட்டி வந்துதான் போனார், அதையும் இதில் சேர்க்கணுமா என்று கேட்டார். அத்தைக்கு அப்போது என்ன வயது என்றேன்.

யோசித்துவிட்டு, “வயசு தெரியல, நான் அப்ப பத்தாவது படிச்சிட்டிருந்தேன்” என்றார். அப்பாவுக்கு எத்தனை வருஷம் இளையவர் அத்தை என்று விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.